வீட்டில் ஹெட் கேஸ்கெட் மாற்றலாமா? சிங்கப்பூர் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினெட்டு வருடமாகத் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் இஞ்சின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அதனால் கார் சூடாகிறது என்றாலே சொந்தக்காரர்கள், கோவிலில் பார்க்கிறவர்கள், மகனின் துணைப்பாட வகுப்பு வாசலில் நிற்கும் அப்பாக்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். போன வருடம் என் மச்சானின் பழைய டொயோட்டா வியோஸுக்கு, ஜாலான் காயுவில் நண்பர் ஒருவரின் தரைவீட்டுப் போர்ச்சில் வைத்து ஹெட் கேஸ்கெட் மாற்றினோம். அதற்குப் பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் பெட்ரோல் கார்களை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

ஹெட் கேஸ்கெட் என்பது என்ன? அது ஏன் போகிறது?

இஞ்சினில் இரண்டு பெரிய பாகங்கள். கீழே பிஸ்டன்கள் ஓடும் பிளாக், மேலே வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவில் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), இஞ்சின் எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் பல அடுக்கு எஃகுத் தகடு. பழைய கார்களில் கிராஃபைட் கலந்த வகையும் உண்டு.

நல்ல கேஸ்கெட் தானாகப் போவது அபூர்வம். பெரும்பாலும் சூடுதான் அதைக் கெடுக்கிறது. ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் லேசாக வளைந்துவிடும். வளைந்த இடத்தில் கேஸ்கெட்டின் மேலுள்ள அழுத்தம் குறையும், வாயு அந்த இடைவெளியில் புகுந்து தகட்டை எரிக்கும்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேஸ்கெட் போனது விளைவு. காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது: ஓடாத விசிறி, ஒழுகும் வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), அடைபட்ட ரேடியேட்டர். அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். மச்சானின் காரில் இதுதான் நடந்திருக்கும், கொஞ்சத்தில் தப்பியது. மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சூடேறியது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் போயிருந்தது ரேடியேட்டர் விசிறியின் மோட்டார். தீவு விரைவுச்சாலையில் 90-ல் போகும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், விசிறி தேவைப்படாது. வரிசையில் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இதை நினைவில் வையுங்கள்: நின்றால் சூடாகிறது என்றால் முதலில் விசிறியைப் பாருங்கள். வேகமாகப் போகும்போதும் மேடு ஏறும்போதும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், கூலண்ட் அளவு ஆகியவற்றைப் பாருங்கள்.

எந்த அறிகுறியைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்?

தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனால் கூலண்ட் வாராவாரம் குறைகிறது. இதுதான் ஆரம்பத்திலேயே தெரியும் அறிகுறி, பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இஞ்சின் சில விநாடி தடுமாறி, பிறகு சரியாகிவிடும். இரவில் ஒரு சிலிண்டருக்குள் கசிந்த கூலண்ட் எரிந்து தீரும் வரை அப்படி இருக்கும். ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே, இஞ்சின் சூடாவதற்கு முன்பே, ரேடியேட்டரின் மேல் குழாய் கல் மாதிரி இறுகிவிடும். ரிசர்வ் டேங்கில் குமிழி வந்துகொண்டே இருக்கும். புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும்.

புகையைப் பற்றி ஒன்று. குளிர் நாடுகளில் எடுத்த வீடியோக்களில் ‘காலையில் வெள்ளைப் புகை வருவது சாதாரணம்’ என்பார்கள். அங்கே அது நீராவி. நம் ஊரில் விடியற்காலையிலும் 24, 25 டிகிரி இருக்கும். குழாயிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விழுவது, மழைக்குப் பிறகு லேசாக ஆவி வருவது பரவாயில்லை. பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் அடர்த்தியாக வெள்ளையாக வந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளைப் பசை. கேஸ்கெட் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை, பள்ளி வரை என்று சின்னப் பயணமாகவே ஓடும் கார்களில் இஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. நம் காற்றில் ஈரப்பதம் வேறு அதிகம். அந்த ஈரம் மூடியில் படிந்து எண்ணெயோடு குழைந்து பசையாகும். துடைத்துவிட்டு, ஒரு நாள் சாங்கி வரை நன்றாக ஓட்டி வந்து மறுபடி பாருங்கள்.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, எண்ணெய் முழுவதும் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் கதை வேறு. அப்போது இஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கூலண்ட் கலந்த எண்ணெய் பேரிங்கைக் காக்காது.

விரைவுச்சாலையில் போகும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு ஏறினால்?

ஏர்கானை அணைத்து, இடது ஓரத்துக்கு வந்து, இஞ்சினை நிறுத்துங்கள். ‘அடுத்த எக்சிட் வரை போய்விடலாம்’ என்று ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. அபாய விளக்கைப் போட்டு, எல்லோரும் காரை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி விரைவுச்சாலையில் நின்ற காரை அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல், அழுத்தத்தில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி திறந்த நொடியில் அது முகத்துக்கு வரும். எங்கள் பட்டறையில் ஒரு தம்பிக்குக் கை வெந்ததைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, முள்ளை முழுதாக நம்பாதீர்கள். பல கார்களில் ஒரு பெரிய வெப்ப வரம்புக்குள் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது நகரும்போது ஏற்கெனவே தாமதம். சில சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பு) செருகும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக் கைப்பேசியோடு இணைத்தால் கூலண்டின் உண்மையான வெப்பம் எண்ணாகத் தெரியும். பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

கேஸ்கெட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு சோதனை ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வாயுக் கசிவுச் சோதனை. ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ரப்பர் பந்து, ஒரு பாட்டில் நீலத் திரவம், அவ்வளவுதான். ஆறிய இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, திரவம் கருவிக்குள் ஏறாதபடி கூலண்டை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு, குழாயை வாயில் பொருத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பந்தை அமுக்கி ரேடியேட்டருக்குள் இருக்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயுவில் கரியமில வாயு இருக்கும். அது பட்டால் நீலம் மஞ்சளாகும். மச்சானின் காரில் முதல் ஒரு நிமிடம் நீலமாகவே இருந்தது. ‘ஒன்றும் இல்லை மாமா, கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு’ என்று அவர் மூச்சு விட்டார். பிறகு குழாயின் அடியில் ஒரு ஓரம் பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை மஞ்சளுக்கு மாறியது. இருவரும் பேசவில்லை. கவனிக்க வேண்டியது: கூலண்ட் திரவத்துக்குள் ஏறிவிட்டால் முடிவு செல்லாது, புதுத் திரவம் ஊற்றி மறுபடி தொடங்குங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. இஞ்சின் மிதச் சூட்டில் இருக்கட்டும். எரிபொருளையும் ஸ்பார்க்கையும் துண்டித்து, எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரை மாட்டி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்யுங்கள். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். மச்சானின் காரில் முதலாவதும் நான்காவதும் 190 பிஎஸ்ஐக்கு மேல் காட்டின, இரண்டாவதும் மூன்றாவதும் 120-ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒரே ஒரு சிலிண்டர் குறைந்தால், அதில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

மூன்றாவதாக அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்குகிறது, வெளியே ஒழுக்கு இல்லை என்றால் உள்ளேதான் போகிறது. அப்போது பிளக் துளை வழியாகக் கைப்பேசியில் மாட்டும் சின்ன கேமராவை இறக்கிப் பாருங்கள். மற்ற பிஸ்டன்களின் தலையில் கரி படிந்திருக்கும்போது ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தால், கூலண்ட் அங்கேதான் போகிறது. ஆவி அதைத் தினமும் கழுவியிருக்கிறது.

கேஸ்கெட் மாதிரியே ஏமாற்றும் வேறு கோளாறுகள் உண்டா?

நிறைய. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை விரிசல், வாட்டர் பம்பின் அடித்துளையில் கசிவு, பழைய ரேடியேட்டர் மூடி. இவை சூட்டில் மட்டும் கசிந்து அங்கேயே ஆவியாகிவிடும், தரையில் தடம் இருக்காது. காய்ந்த கூலண்ட் விட்டுச்செல்லும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பொடியைத் தேடுங்கள். ஆயில் கூலர் உள்ள காரில் அது உள்ளுக்குள் பிளந்தாலும் எண்ணெயும் கூலண்டும் கலக்கும். ஆட்டோ கியர் கார்களில் கியர் எண்ணெய் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்வதும் உண்டு. அங்கே கசிந்தால் ரிசர்வ் டேங்கில் ரோஸ் நிறப் பால் மாதிரி மிதக்கும். அதற்காக ஹெட்டைக் கழற்றினால் வீண் வேலை.

கசிவை அடைக்கும் மருந்து ஊற்றினால் போதாதா?

வேண்டாம். கசிவை அடைக்கும் அதே மருந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சில வாரம் தாக்குப்பிடித்து, பிறகு இரண்டு வேலை வைக்கும்.

என் காரின் சிஓஇ இன்னும் கொஞ்ச நாள்தான். செலவு செய்வது சரியா?

சிஓஇ என்பது இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய, காலவரம்புள்ள உரிமைச் சான்று. அதனால் வேறு எந்த ஊரிலும் இந்தக் கேள்வி இப்படி வராது. முதலில் மிச்சமுள்ள மாதங்களைப் பாருங்கள். சிஓஇ முடிய ஒரு வருடத்துக்குள் என்றால், இப்போதே பதிவை ரத்து செய்தால் மிச்ச மாதங்களுக்குக் கிடைக்கும் சிஓஇ கழிவு எவ்வளவு, பத்து வருடத்துக்குள் உள்ள கார் என்றால் பார்ஃப் கழிவு (பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) எவ்வளவு என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பட்டறையில் கொடுத்தால் பெரும்பாலும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். அதில் பெரும்பகுதி வேலைக்கூலி. நாமே செய்தால் பொருள், ஹெட் மட்டம் பார்க்கும் கூலி எல்லாம் சேர்த்துச் சில நூறு வெள்ளியில் முடியலாம். ஆனால் கருவி எதுவும் இல்லாமல் தொடங்குபவருக்கு அந்த மிச்சம் கருவியிலேயே போகும். மச்சானுக்குப் பத்து வருடம் புதுப்பித்த சிஓஇயில் ஆறு வருடத்துக்கு மேல் இருந்தது. அதனால் யோசிக்கவில்லை. ஒன்றரை வருடம்தான் இருந்திருந்தால் ஸ்கிராப் செய்துவிடச் சொல்லியிருப்பேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க்கில் வைத்துச் செய்யலாமா?

கூடாது. அங்கே காரைப் பிரித்துப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் ஹெட் இல்லாத காரை நாலு நாள் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவைக்க முடியாது. கூரையுள்ள தரைவீட்டுப் போர்ச்சு யாரிடமாவது இருந்தால் நல்லது. இல்லையென்றால் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறைக்காரர் ஓரமாக ஒரு இடம் ஒதுக்கித் தருவாரா என்று கேளுங்கள். கூரை கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த இஞ்சினுக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை வரக்கூடாது.

என்னென்ன தேவை? எத்தனை நாள் ஆகும்?

முதல் தேவை உங்கள் இஞ்சினுக்கான பழுதுபார்ப்புக் கையேடு. முறுக்கு அளவு, போல்ட் வரிசை, டைமிங் குறி (வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடுவதற்கான அடையாளம்) எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளக்கும் ரெஞ்ச்), கோண அளவி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), துல்லியமான நேர்விளிம்பு. கடைசியில் சொன்னதற்குப் பதில் கடையில் வாங்கிய சாதாரண எஃகு ஸ்கேல் ஆகாது.

பொருள்களில் கேஸ்கெட் செட் முழுதாக வாங்குங்கள். ஹெட் போல்ட்டும் புதிது. பல இஞ்சின்களில் அந்த போல்ட் முறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை, ஒரு தடவைக்குத்தான். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு தெர்மோஸ்டாட்டையும், பழையதாக இருந்தால் வாட்டர் பம்பையும், பெல்ட் வகை என்றால் டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு தொடங்கினோம். சனிக்கிழமை மதியம் ஹெட் கையில். மெஷின் ஷாப்பிலிருந்து வர மூன்று நாள். அடுத்த சனி, ஞாயிறு மாட்டினோம். முதல் முறை செய்பவர் இரண்டு வார இறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வேலைக்குப் போக எம்ஆர்டிதான்.

பிரிக்கும்போது எங்கே தவறு நடக்கும்?

இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஓர் இரவு. சூட்டோடு ஹெட் போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். எரிபொருள் குழாயின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் போல்ட்களுக்கு முந்தின நாளே துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். எங்களிடம் அவசரப்பட்டு ஒன்று உடைந்தது. அதைத் துளைத்தெடுக்க இரண்டு மணி நேரம் போனது.

கழற்றும் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள். போல்ட்களை இடவாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு எழுதிவையுங்கள். முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, டைமிங் குறிகள் நேராக நிற்பதை உறுதி செய்த பிறகே செயினைத் தொடுங்கள். ஹெட் போல்ட்களை வெளியிலிருந்து உள்நோக்கி, கையேடு சொல்லும் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. ஹெட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தரையில் கவிழ்த்து வைக்காமல் மரக்கட்டைகள் மேல் வையுங்கள், வால்வு நீட்டிக்கொண்டிருந்தால் வளைந்துவிடும்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். எங்களுடையதில் இரண்டாவது, மூன்றாவது வட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒடுங்கிய பாலத்தில் நகக்கண் அகலத்துக்குக் கறுத்து, அடுக்குகள் பிரிந்து சுருண்டிருந்தன. அங்கிருந்து ஒரு கரிக்கோடு பக்கத்திலிருந்த தண்ணீர்த் துளை வரை போயிருந்தது. கம்ப்ரஷன் மீட்டர் சொன்ன இடம் அதுவேதான்.

சுத்தம் செய்வதும் மட்டம் பார்ப்பதும் அவ்வளவு முக்கியமா?

இந்த வேலையின் உயிரே அங்கேதான். புது கேஸ்கெட் மாட்டியும் மறுபடி போகும் கார்களில், நான் பார்த்தவரை, இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம்.

சுரண்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் கேஸ்கெட் கரைப்பானும் போதும். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டு வேகமாக வேலை செய்யும், ஆனால் செய்யாதீர்கள். இரண்டு காரணம். அது அலுமினியத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் குழியாக்கும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் மிக வழவழப்பான பரப்பில்தான் அடைக்கும். அதைவிட மோசம், வட்டிலிருந்து உதிரும் பொடி எண்ணெய்த் துளை வழியாக இறங்கி பேரிங்கைத் தின்னும். கேஸ்கெட் நன்றாக இருக்கும், இஞ்சின் சில நூறு கிலோமீட்டரில் தட்டும். சிலிண்டர்களிலும் துளைகளிலும் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுத் தொடங்குங்கள். எத்தனை துணி என்று எண்ணிவையுங்கள்.

பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருக்கும். காற்று அடித்து முழுதாகக் காயவையுங்கள். தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால் அது அமுங்காது, பிளாக் விரிசல் விடலாம். விரிசல் விடாவிட்டாலும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும்.

நம் ஊர்க் காற்றில் சுத்தம் செய்த வார்ப்பிரும்பு ஒரே இரவில் செம்மை பூத்துவிடும். ஹெட் திரும்பி வரும் வரை சிலிண்டர் சுவர்களில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கட்டும். மேல் பரப்பை மாட்டுவதற்கு முன் மறுபடி துடைத்துக்கொள்ளலாம்.

மட்டம் பார்க்க நேர்விளிம்பை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். பல ஜப்பானிய நான்கு சிலிண்டர் இஞ்சின்களுக்கு வரம்பு 0.05 மிமீ. தலைமுடியைவிட மெல்லியது. மச்சானின் ஹெட்டில் ஓரங்களில் அந்தத் தகடு நுழையவே இல்லை. நடுவில், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், 0.10 மிமீ தகடு எந்தத் தடையும் இல்லாமல் வெண்ணெயில் கத்தி போலப் போனது. பிளாக்கையும் அதேபோல் பாருங்கள். ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் பலர்.

அளவுக்கு மீறிச் சூடேறிய காரின் ஹெட்டை, மட்டமாகத் தெரிந்தாலும், மெஷின் ஷாப்புக்கு அனுப்பி விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வால்வு இருக்கைகளுக்கு நடுவில் விரிசல் இருந்தால் புது கேஸ்கெட் எதையும் தீர்க்காது. வளைவு இருந்தால் அங்கேயே தேய்த்துத் தருவார்கள். சில இஞ்சின்களில் தேய்க்க இடம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் ஹெட்டின் குறைந்தபட்ச உயரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

போல்ட் முறுக்குவது எப்படி?

பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டைக் காயவே வையுங்கள், பசை தடவ வேண்டாம். முன்பக்க மூடி பிளாக்கோடு சேரும் மூலைகளில் மட்டும் கையேடு சொன்னால் ஒரு சொட்டு. எந்தப் பக்கம் மேலே என்று கேஸ்கெட்டில் குறி இருக்கும். திருப்பி வைத்தால் எண்ணெய்த் துளை அடைபடலாம்.

நடுவில் தொடங்கி வெளியே, சுற்றிச் சுற்றி, பல கட்டமாக முறுக்க வேண்டும். உதாரணத்துக்கு வியோஸின் 1என்இசட்-எஃப்இ இஞ்சினில் முதலில் எல்லாவற்றையும் 29 நியூட்டன் மீட்டர், பிறகு வரிசையாக 90 டிகிரி, பிறகு இன்னொரு 90 டிகிரி. இது அந்த இஞ்சினுக்கு மட்டும், உங்களுடையதற்கு உங்கள் கையேடு. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் சேர்ந்து திரும்பியிருந்தால் எதையும் விடவில்லை என்று கண்ணாலேயே தெரியும்.

டைமிங் மாட்டிய பிறகு சாவியைத் தொடாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ரெஞ்சைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் நிறுத்துங்கள், வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன என்று அர்த்தம். குறிகள் மறுபடி நேராக வந்தால்தான் அடுத்த வேலை.

முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருகிறதே?

பயப்பட வேண்டாம். எக்ஸாஸ்ட்டில் பழைய கூலண்ட் தங்கியிருக்கும், கால் மணி, இருபது நிமிடம் எரியும். அதற்குப் பிறகு நிற்க வேண்டும்.

ஸ்டார்ட்டுக்கு முன் புது எண்ணெய், புது ஃபில்டர் போட்டு, ஸ்பார்க்கும் எரிபொருளும் இல்லாமல் சில விநாடி கிராங்க் செய்து எண்ணெயை மேலே ஏற்றுங்கள். கூலண்டில் காற்றுப் பை இல்லாமல் நிரப்புவதும் முக்கியம். ரேடியேட்டர் வாயில் பெரிய புனலை மாட்டி, அது பாதி நிறைய கூலண்ட் வைத்து, விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை ஓடவிடுங்கள். குமிழி வந்துகொண்டிருந்து பிறகு நிற்கும். எண்ணெயில் கூலண்ட் கலந்திருந்த கார் என்றால் சில நூறு கிலோமீட்டரில் எண்ணெயை இன்னொரு முறை மாற்றுங்கள்.

நம் ஊரில் குளிரே இல்லை. குழாய்த் தண்ணீர் போதாதா?

போதாது. கூலண்ட் உறைவதைத் தடுக்க மட்டும் இல்லை. கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய ஹெட்டில் தண்ணீர்த் துளைகளின் விளிம்பு பூச்சி அரித்த இலை மாதிரி இருக்கும். கேஸ்கெட் உட்கார இடமே இருக்காது. தயாரிப்பாளர் சொன்ன வகையைப் போடுங்கள். அவசரத்துக்கு வழியில் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

பழைய கூலண்டையும் எண்ணெயையும் என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். சட்டப்படி குற்றம். தேக்கா வட்டாரத்தை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய்த் தண்ணீர் மரினா நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. அந்த நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், தீவில் ஆறில் ஒரு பங்கு. அது நாம் குடிக்கும் தண்ணீர். கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கிண்ணத்தில் மூடாமல் வைத்தால் பூனை நக்கும். மூடியுள்ள கேன்களில் தனித்தனியாக ஊற்றி, கழிவெண்ணெய் சேகரிக்கும் ஏற்பாடு உள்ள ஒரு பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் மெஷின் ஷாப்பில் ஹெட்டை வாங்கப் போனபோது பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கொடுத்தோம், அவர் காசு வாங்கவில்லை.

எல்லாம் முடிந்தது. எப்போது நம்பி ஜொகூர் போகலாம்?

முதல் வாரம் வீட்டைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள். தினமும் காலையில், ஆறிய இஞ்சினில், ரிசர்வ் டேங்கின் அளவைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மிச்சமிருந்த காற்று வெளியேறிக் கொஞ்சம் குறையலாம், அதற்குப் பிறகு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டாவது வாரம் நீலத் திரவச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பத்து நிமிடம் ஓடியும் நீலம் நீலமாகவே இருந்தால் கேஸ்கெட் பிடித்துவிட்டது.

மச்சான் மூன்று வாரம் கழித்துத்தான் உட்லண்ட்ஸ் பக்கம் திரும்பினார். நானும் கூடப் போனேன். புது விசிறி மோட்டார், புது தெர்மோஸ்டாட், டாஷ்போர்டில் கைப்பேசி. வரிசையில் ஐம்பது நிமிடம், மத்தியான வெயில், ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. எண் 96-க்கு ஏறும், முன்னால் விசிறி உறுமும், 90-க்கு இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்தபோது அவர் கைப்பேசியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஜொகூரில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார்.